தலைக்குள் கூடிய மாநாடு

(பேத்துப்பாறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்துவடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சிலவற்றை நீக்கியிருக்கிறேன்.)



அழைப்பிதழில் 'கவனிக்கப்படாத ஓர் அறிவியல் புனைகதை' என்று போட்டிருக்கிறது. எந்த நாவல் என்று போடவில்லை. அது என் வேண்டுகோள்தான். பெயரைச் சொல்லியிருந்தால், 'இதையா கவனிக்கவில்லை என்கிறார் இந்த மனிதர்?' என்று பாதிப் பேர் வீட்டிலேயே இருந்திருப்பீர்கள். யானை நடமாட்டம் உள்ள ஊர் என்பதால் இருட்டுவதற்குள் கூட்டத்தை முடித்துவிட வேண்டும் என்று அமைப்பாளர்களும் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பேசப்போவது சல்மான் ருஷ்டி எழுதி 1981இல் வெளிவந்த 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்' பற்றி. க. பூரணச்சந்திரன் மொழிபெயர்ப்பில் 'நள்ளிரவின் குழந்தைகள்' என்று தமிழிலும் கிடைக்கிறது. வெளிவந்த ஆண்டே புக்கர் பரிசு. புக்கரின் 25 ஆண்டு நிறைவையொட்டி 1993இல் பரிசு பெற்ற நாவல்களிலேயே சிறந்தது என்ற சிறப்பு. 40 ஆண்டு நிறைவில், 2008இல், வாசகர் வாக்கெடுப்பிலும் அதே நாவல்தான். இவ்வளவு கவனிக்கப்பட்ட இந்திய ஆங்கில நாவல் இன்னொன்று இல்லை. நாவலை எல்லோரும் கவனித்தார்கள். அதன் வயிற்றுக்குள் முழுசாக ஓர் அறிவியல் புனைகதை இருக்கிறது. அதைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போய்விட்டார்கள். சுதந்திர இந்தியாவின் உருவகக்கதை என்றோம், மாய யதார்த்தம் என்றோம், கார்சியா மார்க்கேஸின் தம்பி என்றோம், குந்தர் கிராஸின் 'தகர முரசு' வழிவந்தது என்றோம். எல்லாமே பொருந்தும். ஆனால் அந்த நாவல் ஒரு சோதனையும் நடத்துகிறது. ஒருவர் மனத்தை இன்னொருவர் நேரடியாகப் படிக்க முடிந்தால் மனிதர்களுக்குள் ஒற்றுமை வந்துவிடுமா என்பது சோதனை. வராது என்பது முடிவு. அந்த முடிவுக்கு அது வந்து சேரும் வழியைத்தான் இன்று சில எண்களிட்டுச் சொல்லப்போகிறேன்.

1

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 1947 ஆகஸ்ட் 15, நள்ளிரவு 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் இந்தியாவில் 1001 குழந்தைகள் பிறக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஓர் அசாதாரண ஆற்றல். கேரளத்துப் பையன் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடிக்குள் நுழைந்து, ஏரியோ கார்க் கதவோ, பளபளக்கும் வேறொரு பரப்பு வழியே வெளியே வருவான். கல்கத்தாவை அடுத்த பட்ஜ்பட்ஜில் ஒரு பெண். அவள் சொல் பட்டால் உடம்பில் நிஜமாகவே காயம் உண்டாகும். வறண்ட தக்காணத்தில், ஜால்னாவுக்குப் பக்கத்தில், நிலத்தடி நீர் இருக்கும் இடத்தைச் சொல்லும் பையன். ஷில்லாங்கில் தேயிலைத் தோட்ட முதலாளி மகனுக்கு எதுவுமே மறக்காது. அது வரமா சாபமா என்பது வேறு விஷயம். கதைசொல்லி சலீம் சினாய் சரியாகப் பன்னிரண்டு அடிக்கும்போது பம்பாயில் பிறந்தவன். அவனுக்கு மற்றவர் மனம் கேட்கும்.

இத்தோடு நின்றிருந்தால் நானும் மாயக்கதை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ருஷ்டி விதிகள் போடுகிறார். பிறப்பு நள்ளிரவுக்கு எவ்வளவு நெருக்கமோ, ஆற்றல் அவ்வளவு வலுவானது. பன்னிரண்டு அடித்தபோதே பிறந்த சலீமுக்கும், அதே கணத்தில் பிறந்த சிவா என்ற இன்னொரு பையனுக்கும் உச்ச வலிமை. சில விநாடிகள் தள்ளிப் பிறந்த பார்வதி என்ற பெண்ணுக்கு அசல் மந்திரவித்தை. மணி ஒன்றை நெருங்க நெருங்க வரம் தேய்ந்து வெறும் விகாரமாகிறது: தாடி முளைத்த சிறுமி, மீன் செவுளோடு பிறந்த பையன், ஒரே தலையும் இரண்டு உடம்பும் கொண்ட இரட்டையர். இதை நேர அச்சும் ஆற்றல் அச்சும் போட்டு வரைபடமாகவே வரைந்துவிடலாம். பத்தாம் வகுப்பு மாணவர்கள் வீட்டில் வரைந்து பாருங்கள்.

அடுத்த விதி இன்னும் கொடூரமானது. ஆற்றல் உயிரைக் காப்பாற்றாது. பத்து ஆண்டுகள் கழித்து, 1957இல், சலீம் மற்ற குழந்தைகளைக் கண்டுபிடிக்கும்போது 581 பேர்தான் மிச்சம். ஊட்டமில்லாமல், நோயில், அன்றாட விபத்துகளில் 420 பேர் இறந்துவிட்டார்கள். அந்த எண்ணைப் பார்த்து இங்கே சிரிப்பு எழுகிறது. ருஷ்டியும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவு எண் என்று தெரிந்தேதான் போட்டிருக்கிறார். அந்தக் கேலியை ஒதுக்கிவிட்டுக் கணக்கை மட்டும் பாருங்கள். உலகத்தையே மாற்றக்கூடிய குழந்தைகளில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் பால் இல்லாமலும் மருந்து இல்லாமலும் போய்விட்டார்கள். அமெரிக்க மீத்திறன் கதை எதிலும் நாயகன் வயிற்றுப்போக்கில் இறப்பதில்லை.

மூன்றாவது, ஆற்றலுக்கு உடம்பில் ஓர் இடம் உண்டு. சலீமுடைய டெலிபதி, அதாவது மனம் கேட்கும் ஆற்றல், மூக்கில் இருக்கிறது. ஒன்பது வயதை ஒட்டி, குளியலறையில் அழுக்குத்துணிப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கையில் பைஜாமா நாடா மூக்கில் ஏறி, அவன் உறிஞ்ச, மண்டைக்குள் குரல்கள் தொடங்குகின்றன. 1962இல் பெற்றோர் சைனஸ் அறுவை சிகிச்சைக்கு அழைத்துப்போகிறார்கள். சளி வடிகிறது, குரல்களும் நின்றுவிடுகின்றன. மந்திரத்தை மருத்துவர் கத்தியால் எடுக்க முடியாது. உறுப்பைத்தான் எடுக்க முடியும்.

2

பழனிமலையில் நின்று இதைப் பேசும்போது ஒரு கேள்வி வரும் என்று தெரியும். இதெல்லாம் சித்தர்கள் சொன்ன அட்டமா சித்தி ஆயிற்றே, இதில் புதிதாக என்ன அறிவியல்? நியாயமான கேள்வி. அணிமா என்றால் அணுவாகச் சிறுத்தல், மகிமா என்றால் மலையாகப் பெருத்தல். ருஷ்டியின் பட்டியலில் விந்திய மலைப் பையன் ஒருவன் விரும்பியபடி உடம்பைச் சிறுக்கவும் பெருக்கவும் செய்கிறான். ராட்சதர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று ஊரில் பீதி கிளம்புகிறது. பழனி மலைகளின் கற்திட்டைகளைக் குள்ளர்கள் கட்டியதாகச் சொல்லும் நம் ஊர்வழக்கை இதன் பக்கத்தில் வைக்கலாம். ஆங்லாட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் இந்தக் கற்திட்டைகளை அளந்து எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. ஈமச்சின்னங்கள் என்பது ஆய்வின் முடிவு. ஆனாலும் அவ்வளவு பெரிய பலகைக்கல்லைப் பார்த்தவுடன் யாரோ சக்தி உள்ளவர்கள் என்றுதான் மனம் முதலில் சொல்கிறது.

சித்திக்கும் இந்த நாவலின் ஆற்றலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சித்தி உழைத்துப் பெறுவது. யோகம், தவம், குரு, ஆண்டுக்கணக்கான பயிற்சி. பெற்றவன் அதைத் தாண்டிப் போக வேண்டும் என்பதும் மரபிலேயே உண்டு. நள்ளிரவுக் குழந்தைகளுக்கு ஆற்றல் பிறப்பின் தற்செயலால் வருகிறது. எந்தக் குடும்பம், எந்தச் சாதி, எந்த மதம் என்ற வரையறை கிடையாது. மருத்துவமனையில் ஒரு தாதி குழந்தைகளை மாற்றிவைத்ததால் பணக்கார வீட்டில் பிறந்த சிவா தெருவில் வளர்கிறான், தெருப்பாடகன் வீட்டுக்குரிய சலீம் பங்களாவில் வளர்கிறான். ஆற்றல் இரண்டு பேரிடமும் இருக்கிறது. தகுதி பார்க்காமல் மக்கள்தொகையில் சிதறிய ஒரு பண்பு, பிறகு சமூகம் அதை என்ன செய்கிறது என்ற கேள்வி. இது உயிரியலாளர் கேட்கும் கேள்வி, பொருளியலாளர் கேட்கும் கேள்வி. ஆன்மிகம் இதைக் கேட்பதில்லை.

தமிழில் இப்படி ஒரு நாவல் வராமல் போனதற்கு, சித்தி என்ற இருக்கை ஏற்கெனவே போடப்பட்டிருந்ததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். மன ஆற்றல் என்றால் நம் வார இதழ்களில் சித்தர், ஏடு, அமானுஷ்யம் என்ற பக்கத்துக்குத்தான் போகும். இந்திரா சௌந்தர்ராஜன் அதில் பெரிய வாசகக் கூட்டத்தைச் சேர்த்தார். மறுபக்கம் சுஜாதா. பொறியாளர். 'ஆ..!' நாவலில் ஒருவனுக்கு மண்டைக்குள் குரல் கேட்கிறது. மனநோயா, பூர்வஜென்மமா என்ற ஊசலாட்டத்திலேயே ஆனந்த விகடன் வாசகர்களைக் கட்டிவைத்திருந்தார். அபாரமான தொடர். அங்கே கேள்வி, குரல் உண்மையா என்பது. குரல் உண்மை என்றே வைத்துக்கொள்வோம், அப்புறம் நாட்டுக்கு என்ன ஆகும் என்று கேட்க ஒரு நாவல் வேண்டும்.

3

இப்போது கொஞ்சம் வெளிநாடு. டெலிபதிக்கு ஆய்வுக்கூட மரியாதை வாங்கித் தந்தவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஜே. பி. ரைன். வட்டம், கூட்டல் குறி, அலை, சதுரம், நட்சத்திரம் என்று ஐந்து வடிவங்கள், ஒரு கட்டில் 25 அட்டைகள். பார்க்காமல் சொல்ல வேண்டும். குருட்டு அதிர்ஷ்டத்தில் சராசரியாக 5 சரியாக வரும். தொடர்ந்து அதற்கு மேல் சொன்னவர்களை வைத்து 1934இல் புத்தகம் போட்டார். மற்ற ஆய்வகங்கள் செய்துபார்த்தபோது அந்த முடிவுகள் நம்பும்படி திரும்ப வரவில்லை. அறிவியல் கைவிட்டதை இதழாசிரியர் ஜான் கேம்பெல் பிடித்துக்கொண்டார். அவருடைய 'அஸ்டவுண்டிங்' இதழ் 1950களில் மன ஆற்றல் கதைகளால் நிரம்பியது. இந்திய அரங்கிலும் இதன் எதிரொலி உண்டு: ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் 1960களில் மன ஆற்றல் ஆய்வுக்கென்று துறையே தொடங்கினார்கள்.

அந்தக் காலத்துக் கதைகளில் நான் கவனித்தது ஒன்று. டெலிபதி வந்துவிட்டால் மனிதர்கள் ஒன்றாகிவிடுவார்கள் என்று ஏறக்குறைய எல்லாரும் நம்பியிருக்கிறார்கள். தியடோர் ஸ்டர்ஜனின் 'மோர் தேன் ஹியூமன்' (1953) நாவலில் வீட்டாலும் ஊராலும் கைவிடப்பட்ட சிலர் சேர்ந்து ஒரே உயிராகிறார்கள். ஒருவர் தலை, ஒருவர் கை மாதிரி. அதே ஆண்டு வந்த ஆர்தர் சி. கிளார்க்கின் 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' நாவலில் பூமியின் கடைசித் தலைமுறைக் குழந்தைகள் தனித்தனி முகம் இழந்து ஒரே பெருமனத்தில் கரைகிறார்கள்.  ஜான் விண்டமின் 'த மிட்விச் குக்கூஸ்' 1957இல் வந்தது. ஓர் ஆங்கிலக் கிராமமே ஒரு நாள் மயங்கிக் கிடக்கிறது. பிறகு ஊரில் ஒரே சமயத்தில் ஏறக்குறைய 60 குழந்தைகள், பொன்னிறக் கண்களோடு. ஆண் குழந்தைகளில் ஒருவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் அத்தனை பேருக்கும் தெரியும். பெண் குழந்தைகளுக்கும் அப்படியே.

ஒரே நேரத்தில் பிறந்த, மனத்தால் இணைந்த குழந்தைகள். விண்டமின் புத்தகம் கடைக்கு வந்த 1957இல்தான், நாவலுக்குள் சலீம் தன் கூட்டாளிகளைக் கண்டுபிடிக்கிறான். தற்செயலாக இருக்கலாம். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், விண்டமின் கருவைத் திருப்பிப்போட்டு எழுதியதுபோல்தான் இருக்கும். விண்டமின் குழந்தைகளில் ஆண்களுக்கு ஒரு மனம், பெண்களுக்கு ஒரு மனம். ருஷ்டியின் குழந்தைகள் 581 பேருக்கும் 581 மனம். விதிவிலக்கைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது: ராபர்ட் சில்வர்பெர்க்கின் 'டையிங் இன்சைட்' (1972), நியூயார்க்கில் டெலிபதி மெல்ல மெல்ல வற்றிப்போகும் ஒரு தனியனின் கதை. அதுவும் ஒற்றுமைக் கனவு காண்பதில்லை. ஆனால் அவன் ஒற்றை ஆள். ஒரு கூட்டத்தையே உட்காரவைத்துச் சோதித்தவர் ருஷ்டிதான்.

அவருக்கு இந்த வகை எழுத்து தெரியுமா என்று கேட்பீர்கள். நன்றாகவே தெரியும். அவருடைய முதல் நாவல் 'கிரைமஸ்', 1975. சாகாவரம் பெற்ற ஒருவன் கடலுக்குள் விழுந்து, வேறொரு பரிமாணத்துத் தீவில் கரையேறி, அங்கிருக்கும் மலையின் உச்சிக்குப் போகிறான். கோலன்ஸ் பதிப்பகமும் 'சண்டே டைம்ஸ்' இதழும் நடத்திய அறிவியல் புனைகதைப் போட்டிக்கு அது வந்தது. பிறகு பதிப்பாளர்களே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அறிவியல் புனைகதை என்ற முத்திரை விழுந்துவிடும் என்று பயந்தார்கள் என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. நடுவர்களில் ஒருவரான பிரயன் ஆல்டிஸ் பிற்பாடு இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். 'கிரைமஸ்' விலைபோகவில்லை, விமர்சகர்களும் உதறினார்கள். அடுத்த நாவல் முத்திரை இல்லாமலே வந்து உலகத்தை வென்றது. முத்திரைக்குப் பயந்தது வியாபாரம். அதையே நாம் இலக்கிய மதிப்பீடாக எடுத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகள் ஓட்டிவிட்டோம்.

அறிவியல் விளக்கமே இல்லாததை எப்படி அறிவியல் புனைகதை என்பது என்று ஒருவர் கேட்கலாம். ஸ்டர்ஜனும் விளக்கம் தரவில்லை. டார்கோ சுவின் என்ற விமர்சகர் 1979இல் வகுத்த அளவுகோல் எனக்குப் போதும்: நாம் அறிந்த உலகத்தில் ஒரே ஒரு புதுமையை நுழைத்துவிட்டு, அதன் விளைவுகளைத் தர்க்கம் பிசகாமல் பின்தொடர வேண்டும். மார்க்கேஸின் ஊரில் ஒரு பெண் படுக்கை விரிப்போடு வானத்துக்குப் போனால் அதற்கு விளைவு எதுவும் கிடையாது. ஊர் அடுத்த வேலையைப் பார்க்கும். சலீமின் மூக்குக்கு விளைவு உண்டு.

4

என் பேச்சின் நடுப்பகுதி இது. கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

சலீமுக்கு முதலில் கேட்பது வெறும் இரைச்சல். தேவதூதர்கள் பேசுகிறார்கள் என்று நினைத்துக் குடும்பத்தார் எல்லாரையும் கூட்டி அறிவிக்கிறான். அப்பா விட்ட அறையில் இடது காது செவிடாகிறது. மண்டைக்குள் நாட்டையே கேட்பவனுக்கு வெளிக்காது ஒன்று போய்விட்டது. அதன்பிறகு யாரிடமும் சொல்லாமல் பழகிக்கொள்கிறான். தன் தலையை அகில இந்திய வானொலி என்று நினைத்துக்கொண்டு, முள்ளைத் திருப்புவதுபோல் ஒவ்வொரு குரலாகப் பிரிக்கக் கற்றுக்கொள்கிறான்.

குரல்கள் இந்தியாவின் அத்தனை மொழிகளிலும் இருக்கின்றன. மலையாளம், நாகா மொழிகள், லக்னோ உருது, நம் தமிழ். தமிழைத் தெற்கத்திக் குழறல் என்பதுபோல ஒரு வார்த்தையில் தாண்டிப்போகிறான். பம்பாய்ப் பையனுக்கு அப்படித்தான் கேட்டிருக்கும், கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுத்தவர் மனத்துக்குள் குடிபுகுந்து நாடு முழுக்கச் சுற்றுகிறான். ஒரு கட்டத்தில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும் அர்ச்சகரின் மனத்துக்குள் போய் உட்காருகிறான். அங்கிருந்து கன்னியாகுமரி. மூன்று கடல் சேரும் மணலில் ஒரு மீனவப் பெண்ணாக நின்று, அங்கே வரும் ஆண்களோடு சிரித்துப் பேசுகிறான். பேசுகிற மொழி அவனுக்குப் புரியவில்லை. அவள் வாய் பேசுகிறது, உள்ளே இருப்பவனுக்கு அர்த்தம் தெரியாது. ஒரு வாக்கியத்தில் வந்துபோகும் இந்த இடத்தை நான் இந்த நாவலின் மிக நுட்பமான அறிவியல் இடம் என்பேன். டெலிபதி பற்றி எழுதிய வெள்ளைக்கார எழுத்தாளர்கள் பெரும்பாலும் ஒரு மொழி பேசும் ஊரிலிருந்து எழுதினார்கள். மனம் கேட்டால் ஆங்கிலத்தில்தான் கேட்கும். இன்னொருவர் மனத்துக்குள் போயும் மொழி புரியாமல் நிற்கலாம் என்று தோன்ற, ஒருவர் பல மொழி நாட்டில் பிறந்திருக்க வேண்டும்.

அதற்கும் ஒரு தீர்வு வைத்திருக்கிறார். மொழி மனத்தின் மேல்தட்டில்தான் இருக்கிறது. ஆழத்துக்குப் போகப் போகச் சொல் கரைந்து, எல்லாருக்கும் புரியும் எண்ண வடிவங்கள் மட்டும் மிஞ்சுகின்றன. அந்த ஆழத்தில்தான் நள்ளிரவுக் குழந்தைகள் ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள். காலத்தைக் கவனியுங்கள். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் பிறக்கின்றன. பம்பாய் யாருக்கு என்று மராத்தியர்களும் குஜராத்தியர்களும் தெருவில் மோதுகிறார்கள். சலீமே சைக்கிளோடு அப்படி ஒரு மொழி ஊர்வலத்துக்குள் போய் விழுகிறான். வெளியே மொழிக்காக ரத்தம் சிந்தும் அதே காலத்தில், உள்ளே மொழியே இல்லாத ஒரு மாநாடு. ஒவ்வொரு இரவும் சலீமின் தலை அரங்கமாகிறது. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை பத்து வயதுப் பிள்ளைகள் அங்கே கூடிப் பேசுகிறார்கள்.

சோதனைக்கு இதைவிடச் சுத்தமான ஏற்பாடு கிடையாது. மொழிச்சுவர் இல்லை. தூரம் இல்லை. மொழிபெயர்ப்பாளன் இல்லை, பத்திரிகை இல்லை, கட்சி இல்லை. எல்லாருக்கும் ஒரே வயது, எல்லாரிடமும் ஏதோ ஓர் ஆற்றல். நாமும் காலங்காலமாகச் சொல்லிவருகிறோம், மனம் விட்டுப் பேசினால் தீராத பிரச்சினை இல்லை என்று. அதைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றிப் பார்க்கிறார் ருஷ்டி.

என்ன ஆயிற்று? முதலில் சண்டை கொள்கைச் சண்டையாக இருக்கிறது. நாம் எதற்காகப் பிறந்தோம் என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில். ஒருவன் பொதுவுடைமை என்கிறான், ஒருவன் தனிமனிதன் என்கிறான், ஒருத்தி மதம் என்கிறாள், இன்னொருத்தி அறிவியல் என்கிறாள். சலீம் நடுவழி ஒன்றைத் தேடுகிறான். பசி தெரிந்த சிவா, பணம் இருப்பவன் இல்லாதவன் என்ற ஒரு பிரிவைத் தவிர மற்றதெல்லாம் பணக்காரப் பையன் பேச்சு என்று உதறிவிடுகிறான். இது வரைக்கும் ஆரோக்கியமான சண்டைதான். வயது ஏற ஏற வேறொன்று உள்ளே நுழைகிறது. பெற்றோரின் வெறுப்புகள். மராத்திப் பிள்ளைகள் குஜராத்திப் பிள்ளைகளை வெறுக்கத் தொடங்குகின்றன. மதம் குறுக்கே வருகிறது. பணக்கார வீட்டுப் பிள்ளை ஏழை வீட்டுப் பிள்ளையைத் தள்ளிவைக்கிறது. வெள்ளைத்தோல் வடக்கத்திப் பிள்ளைகள் திராவிடப் பிள்ளைகளைக் கறுப்பர் என்று ஏசுகின்றன. மொழியே இல்லாத ஆழத்தில், எல்லாருக்கும் புரியும் எண்ண வடிவத்தில், இந்த வசவு வந்து விழுகிறது. மொழி தெரியாததால் நமக்கு எவ்வளவு வசவு கேட்காமலே போயிருக்கிறது என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஸ்டர்ஜனும் கிளார்க்கும் கவனிக்காத இடம் இதுதான். மனிதர்கள் பிரிந்து நிற்பது ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாததால் என்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள். புரிதல் முழுமையாகக் கிடைத்தபோது, வெறுப்பும் முழுமையாகத்தான் போய்ச் சேருகிறது.

இதற்கு மேல் ஒரு திருகலும் உண்டு. சலீமே யோக்கியனில்லை. குழந்தைகள் மாற்றிவைக்கப்பட்ட ரகசியம் அவனுக்குத் தெரியவருகிறது; பங்களா வாழ்க்கை உண்மையில் சிவாவுக்கு உரியது. அது வெளிவந்துவிடக் கூடாதென்று மனத்தின் ஒரு மூலையை மற்றவர்கள் எட்டாதபடி அடைத்துவிடுகிறான். சிவாவை மாநாட்டிலிருந்து விலக்கியும் வைக்கிறான். டெலிபதி உள்ள உலகத்திலும் சொத்துக்காகப் பொய் சொல்லலாம். மாநாட்டின் தலைவர் மனத்திலேயே பூட்டிய அறை ஒன்று இருந்தால் அந்த மாநாடு என்ன ஆகுமோ, அதுதான் ஆனது. 1962இல், சீனப் போர் நடக்கும் நாட்களில், பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். அறுவை சிகிச்சை வருவதற்கு முன்பே மாநாடு செத்துவிட்டது. மருத்துவர் சவ அடக்கம்தான் செய்தார்.

5

இது சிறிய குறிப்பு; மாநாடு கலைவதற்கு முன்பு நடந்தது. 1958இல் சலீமின் குடும்பம் பாகிஸ்தானுக்குப் போகிறது. போன கணத்திலிருந்து குரல்கள் இல்லை. நாட்டின் எல்லைக்கோடு மன அலையைத் தடுத்துவிடுகிறது. நான்கு ஆண்டு கழித்துத் திரும்பி வந்ததும் மறுபடி கேட்கிறது.

வானொலியை வைத்து நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு விசித்திரமான விதி என்று புரியும். நம் கோடைப் பண்பலை இந்த மலை மேல் 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. சமவெளியில் எத்தனையோ மாவட்டங்களில் கேட்கிறது. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நான். கடலும் கடவுச்சீட்டும் அலைக்கு ஒரு பொருட்டே இல்லை. ருஷ்டியின் டெலிபதிக்கு, இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே ராட்கிளிஃப் போட்ட கோடு பொருட்டாகிறது. அப்படியானால் இந்த ஆற்றல் இயற்பியலைச் சேர்ந்தது இல்லை. தேசம் என்று ஒரு கூட்டம் சேர்ந்து நம்பும் நம்பிக்கைதான் அதன் ஊடகம். இதை நாவல் விளக்கிச் சொல்வதில்லை. விதியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது, நல்ல அறிவியல் புனைகதை செய்வதுபோல.

6

மேலைநாட்டு மீத்திறன் கதைகளில் ஆற்றல் உள்ளவர்களுக்கு எதிரி யார்? பெரும்பாலும் அண்டைவீட்டார், ஊர்க்கூட்டம். படக்கதை எக்ஸ்-மென் வரை பெரும்பாலும் இதுதான் சட்டகம். விண்டமின் ஊரில், பிள்ளைகளின் நம்பிக்கைக்குரிய முதியவர் ஒருவரே வெடிகுண்டு வைத்துத் தன்னையும் அழித்துக்கொண்டு அவர்களைக் கொல்கிறார்.

நம் நாவலில் ஊர் இவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை. சாமியார், சூனியக்காரி, மந்திரவாதி என்று ஒரு பெயர் வைத்துப் பழகிக்கொள்கிறது. அற்புதத்துக்குப் பழகிய சமூகம். அதனிடம் பயப்பட ஒன்றுமில்லை. பயப்படுவது அரசாங்கம். 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை பிறப்பிக்கப்படுகிறது. நாவலில் அதன் உள்நோக்கங்களில் ஒன்று, நள்ளிரவுக் குழந்தைகளைப் பிடிப்பது. இப்போது ராணுவ மேஜராக இருக்கும் சிவா, சலீமைப் பிடித்துக்கொடுக்கிறான். காசியில் விதவைகள் விடுதி ஒன்றில் அடைத்து விசாரிக்கிறார்கள். சலீம் எல்லார் பெயரையும் முகவரியையும் சொல்லிவிடுகிறான். டெலிபதியில் சேகரித்த அத்தனையும் கடைசியில் போலீஸ் பட்டியலாகப் பயன்பட்டது. பிறகு எல்லாருக்கும் அறுவை. கருப்பை போகிறது, விதை போகிறது, கூடவே ஆற்றலும் போகிறது.

இது எந்த அளவுக்கு உருவகம், எந்த அளவுக்கு அறிக்கை? 1976–77 ஒரே நிதியாண்டில் இந்தியாவில் 80 லட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை நடந்தது. இலக்கு வைத்து, ஆள் பிடித்து, ரேஷனையும் சம்பளத்தையும் காட்டி மிரட்டி நடந்ததை, நெருக்கடி நிலையை விசாரித்த ஷா ஆணையம் பதிவு செய்திருக்கிறது. ருஷ்டி கற்பனை செய்ய வேண்டியிருந்தது ஆற்றலை மட்டும்தான். அதை நீக்கும் கருவி அரசாங்க ஆஸ்பத்திரியில் தயாராக இருந்தது. இந்திரா காந்தி இந்த நாவல் மீது 1984இல் அவதூறு வழக்குப் போட்டபோது இந்தப் பகுதியைத் தொடவில்லை. குடும்பத்தைப் பற்றிய ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் எதிர்த்தார். அந்த வாக்கியம் நீக்கப்பட்டது. அறுவை அறை அப்படியே இருக்கிறது.

பாதிக் கண்ணை மூடிக்கொண்டு படித்தால் இந்தப் பகுதி வெறும் அரசியல் ஆத்திரமாகத் தெரியும். அப்படிப் படித்த விமர்சகர்கள் இருக்கிறார்கள், நாவலின் கடைசி மூன்றிலொரு பகுதி தளர்ந்துவிட்டது என்று சொன்னவர்கள். தளர்வு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். வங்கதேசப் போர் அத்தியாயங்கள் என் பொறுமையையும் சோதித்தவை. ஆனால் முன்பு போட்ட விதி இங்கேதான் முடிச்சுக்கு வருகிறது. ஆற்றல் உடம்பில் இருக்கிறது என்றார். உடம்பில் இருப்பதை அரசாங்கத்தால் எடுக்க முடியும்.

7

குறையையும் சொல்ல வேண்டும். 581 பேர் என்று சொல்லிவிட்டு, மூன்று பேருக்குத்தான் முழு உருவம் தருகிறார்: சலீம், சிவா, பார்வதி. மற்றவர்கள் பட்டியல். தெற்கு இந்தப் பட்டியலில் மிக மெலிந்திருக்கிறது. கேரளத்துக் கண்ணாடிப் பையனை விட்டால், நம் பக்கத்துக்கு என்று நினைவில் நிற்பது நீலகிரியிலிருந்து வரும் ஓநாய்மனிதன். அதுவும் ஒரு வாக்கியத்தின் ஒரு துண்டு. பெயர் இல்லை, ஊர் இல்லை. நீலகிரிக் காட்டில் செந்நாய் உண்டு. ஓநாய் அந்தச் சோலைக்காட்டு விலங்கே இல்லை என்று வனத்துறை நண்பர்கள் சிரிப்பார்கள்.

அந்த ஒரு துண்டு வாக்கியத்திலிருந்து தொடங்கி யாராவது தமிழில் எழுதலாம். எழுதினால் ருஷ்டி தாண்டிப்போன சிக்கல்களைத் தாண்ட முடியாது. அந்தப் பிள்ளை தோடரா, படகரா, இருளரா, கூடலூர்ப் பக்கத்தில் தேயிலைக்கு வந்த குடும்பமா? தாய்மொழி என்ன? மாநாட்டில் கறுப்பன் என்ற வசவு வந்து விழுந்த இரவில் அந்தப் பிள்ளை என்ன பதில் சொன்னது? சொல்லாமல் வெளியேறிவிட்டதா? அப்படி வெளியேறிய முதல் ஆள் அதுதானா? 1965இல் மொழிப்போர் வரும்போது அதற்குப் பதினெட்டு வயது நடந்துகொண்டிருக்கும். தலைக்குள் மொழியில்லாத மாநாட்டில் உட்கார்ந்து எழுந்த ஒருவர், அந்த ஊர்வலத்தில் எந்தப் பக்கம் நடப்பார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாவலாசிரியர்தான் சொல்ல வேண்டும். சித்தர் பக்கமும் போகாமல், மனநோய் மருத்துவர் பக்கமும் போகாமல், விதி போட்டு, விலை போட்டு எழுத வேண்டும்.

பின் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் மூன்று நான்கு பேரைப் பார்க்கிறேன். எழுதியவுடன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். வெளிச்சம் இறங்குகிறது, அமைப்பாளர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கேள்விகள் இருந்தால் வண்டி வரும்வரை பேசலாம்.